காத்தவர் கைகள் – ஜப்பானில் காணத்தக்க சில தலங்கள்



கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஜப்பான் நாட்டிற்குச் செல்லும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களில் உளர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உளர். சென்று திரும்புவோர் வானளாவிய கட்டடங்களையும் அதிவிரைவு ரயில்களையும் பற்றியே வியந்து பேசுகின்றனர். அவை வியப்பிற்குரியவையே. ஆயினும், அந்நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் உள்ளவாறு அறிய விழைவோர் வேறு சில இடங்களையும் நாடிச் செல்லவேண்டும். அத்தகைய தலங்களுள் சிலவற்றை இத்திங்கள் நாம் காண்போம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வோம். நம் நாட்டுப் பெருங்கோயில்கள் கருங்கல்லால் ஆனவை. ஜப்பானின் பழங்கட்டடங்களோ பெரும்பாலும் மரத்தால் ஆனவை. நிலநடுக்கம், புயல், தீ, போர் என நான்கு பகைகள் அவற்றை இடையறாது தாக்கி வந்துள்ளன. ஆகவே அங்கே பழம்பொருள் ஒன்று இன்றும் நிலைத்திருக்கின்றதெனில், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் அதனைப் பொறுப்புடன் காத்து வந்துள்ளனர் என்பதே பொருள். அவர்கள் காத்த முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். பழையதைப் பழுதுபார்த்துக் காத்தல் ஒன்று. பழையதைப் புதிதாகவே கட்டிக் காத்தல் மற்றொன்று. கட்டடமே இல்லாத நிலையில் நெஞ்சில் வைத்துக் காத்தல் மூன்றாவது. இம்மூன்றையும் முறையே நாரா, இசே, நாகசாகி ஆகிய ஊர்களில் காணலாம்.

நாரா: பழுதுபார்த்துக் காத்தது

நாரா, கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராய் விளங்கிய ஊர். கியோத்தோ நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையலாம். அதனை அடுத்த இகாருகா என்னுமிடத்தில் ஹோரியூஜி என்ற புத்த மடம் உள்ளது. கி.பி. 607-இல் ஷோத்தோகு இளவரசர் நிறுவியது. 670-இல் தீக்கிரையான பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட அதன் பொன்மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும், உலகில் இன்றுள்ள மரக்கட்டடங்களுள் மிகப் பழமையானவையாகக் கருதப்படுகின்றன. கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 32 மீட்டர். அதன் நடுத்தூணாய் நிற்கும் மரம் கி.பி. 594 அளவில் வெட்டப்பட்டது என்று மரத்தின் ஆண்டு வளையங்களை ஆய்ந்தோர் கண்டறிந்துள்ளனர்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மரம் நிற்பது எங்ஙனம்? தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, உளுத்த பகுதியை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் புதுமரத்தைப் பொருத்தி, மீண்டும் கூட்டி வந்துள்ளனர். நல்ல மரத்தை அவர்கள் வீணாக்குவதில்லை. ஆயினும் அக்கறை ஒரு நாள் தவறினும் இழப்பு பெரிது என்பதற்கும் ஹோரியூஜியே சான்று. 1949-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் பொன்மண்டபத்தில் தீப்பற்றி, விலைமதிப்பற்ற சுவரோவியங்கள் கருகின. நாடே துயருற்றது. மறு ஆண்டே, 1950-இல், பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் கட்டடங்களையும் சிலைகளையும் மட்டுமின்றி, அவற்றை ஆக்கும் கைத்திறன்களையும் செல்வமெனக் கொண்டது. இன்றும் ஆண்டுதோறும் சனவரி 26-ஆம் நாள் நாடெங்கும் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடைபெறுகின்றது.

நாரா நகரிலேயே தோதாய்ஜி மடமும் உள்ளது. அங்குள்ள வெண்கலப் புத்தர் சிலை ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுடையது. இச்சிலையோடு நம் நாட்டிற்கு ஓர் உறவு உண்டு. கி.பி. 752-இல் இதற்குக் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவர் 736-இல் ஜப்பானை அடைந்து, 760-இல் அங்கேயே மறைந்தார். கண் எழுதிய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு சடங்கில் தாமும் பங்குபெற்றனர். சிலையைச் சூழ்ந்த மண்டபம் 1180-இலும் 1567-இலும் போரினால் எரிந்தது. இன்று நாம் காண்பது 1709-இல் கட்டி முடிக்கப்பட்டது.

கியோத்தோ: தங்குவதற்கேற்ற நகர்

நாராவிற்கும் இசேக்கும் செல்வோர் கியோத்தோவில் தங்குதல் நலம். 794 முதல் ஏறத்தாழ ஆயிரத்து எழுபது ஆண்டுகள் பேரரசரின் தலைநகராய் விளங்கிய நகர் அது. 1633-இல் எழுப்பப்பட்ட கியோமிசு மடத்தின் உயர்ந்த மரமேடை ஆணிகளின்றிப் பொருத்தப்பட்டது. ரியோவான்ஜி மடத்தின் கல்தோட்டத்தில் 15 கற்கள் உள்ளன; முற்றத்தில் எங்கு அமர்ந்து நோக்கினாலும் ஒரு கல்லேனும் மறைந்தே நிற்கும்.

நம் முத்துக்குளித்துறை மக்களிடையே 1542 முதல் உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தென்ஜப்பானிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். 1551-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில் நெடுவழி கடந்து கியோத்தோவையும் அடைந்தார். பேரரசரைக் கண்டு போதிக்க இசைவு பெறவேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் அந்நாளில் நகர் உள்நாட்டுப் போரால் பாழ்பட்டுக் கிடந்தது. எண்ணியது ஈடேறாமல் அவர் திரும்பினார். இன்று மலர்ச்சோலையாய்க் காட்சியளிக்கும் நகரைக் காண்போர் இதனையும் நினைவுகூர்தல் தகும்.

இசே: புதிதாய்க் கட்டிக் காத்தது

கியோத்தோவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் இசே உள்ளது. ஷிந்தோ சமயத்தாரின் தலையாய திருத்தலம் இது. இதன் உட்கோயிலும் வெளிக்கோயிலும் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகின்றன. பழைய கோயிலுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் வெற்றிடம் ஒன்று உண்டு. அங்கே பழைய அளவும் பழைய வடிவும் மாறாமல் புதுக்கோயிலை எழுப்பி, அதன் பின்னர்ப் பழையதைப் பிரிக்கின்றனர். உட்கோயிலில் இவ்வழக்கம் முதன்முதல் நிறைவேறியது கி.பி. 690-இல். 62-ஆம் முறை 2013-இல் நிறைவேறியது. அடுத்தது 2033-இல் நிகழும். அதற்குரிய சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன.

இருபது ஆண்டு என்பது ஏன்? அதற்குப் பல காரணங்கள் கூறுவர். நமக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்று: இளைஞனாய் ஒருமுறை கற்றுக்கொண்டவன், நடுவயதில் ஒருமுறை தானே செய்து, முதுமையில் ஒருமுறை பிறர்க்குக் கற்பிக்க இக்காலம் பொருந்தி வருகின்றது. தச்சர் மட்டுமல்லர், கூரை வேய்வோர், நெசவாளர், வாள் வடிப்போர் ஆகிய அனைவரின் திறனும் இவ்வாறே கைமாறுகின்றது. பிரித்த மரங்களும் வீணாவதில்லை. கோயிலின் பெருந்தூண்கள் ஊஜிப் பாலத்தின் நுழைவாயில் தூண்களாய்ச் சிலகாலம் நின்று, பின்னர் வேறு தலங்களுக்குச் செல்கின்றன. எதிர்காலத் தேவைக்கென இருநூறு ஆண்டுத் திட்டத்துடன் 1923 முதல் மரம் வளர்க்கின்றனர். நட்டவர் எவரும் அம்மரம் தூணாவதைக் காணப்போவதில்லை.

இவ்வழக்கமும் ஒருகால் அறுந்ததுண்டு. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டிற்கு மேலாக இப்பணி நின்றுபோயிற்று. அப்பொழுது ஊர் ஊராய்ச் சென்று நன்கொடை திரட்டி, 1563-இல் வெளிக்கோயிலை மீண்டும் எழுப்பத் துணைநின்றவர் செய்ஜூன் என்னும் பௌத்தப் பெண்துறவி. தம் சமயத்தது அன்றாயினும், அழியவிடலாகாது என்று கருதிய அவ்வம்மையாரின் உள்ளம் போற்றத்தக்கது.

நாகசாகி: நெஞ்சில் காத்தது

கியோத்தோவிலிருந்து நாகசாகிக்கு ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இங்கே நாம் முதலில் செல்லவேண்டியது நிஷிசாகா குன்று. 1597-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் இருபத்தாறு கிறிஸ்தவர்கள் இக்குன்றில் சிலுவையில் அறையப்பட்டு உயிர்நீத்தனர். அவர்களுள் புனித பவுல் மீக்கி ஒருவர். பன்னிரண்டு வயதே நிரம்பிய லூயிஸ் இபாராகி என்ற சிறுவனும் ஒருவன். மும்பைக்கு வடக்கேயுள்ள வசை என்னும் ஊரில் பிறந்த பிரான்சிஸ்கன் சகோதரர் புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1862-இல் இவ்விருபத்தாறு பேரையும் புனிதர் என அறிவித்தார். 1962-இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமும் காட்சியகமும் அங்கே உள்ளன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் அவ்விடம் சென்று செபித்தார்.

1614-இல் கிறிஸ்தவ சமயம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குரு இல்லை, கோயில் இல்லை, திருப்பலி இல்லை. ஆண்டுதோறும் திருவுருவத்தைக் காலால் மிதிக்குமாறு அதிகாரிகள் மக்களைக் கட்டாயப்படுத்தினர். அந்நிலையிலும் உழவரும் மீனவருமான எளிய மக்கள் தம்முள் பணிகளைப் பகிர்ந்துகொண்டனர். திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர். பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க ஒருவர். செபங்களை வாய்வழியே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கருணைத் தெய்வமான கன்னோன் சிலையின் வடிவில் தேவமாதாவை வணங்கினர். அமாக்குசாத் தீவிலுள்ள சாகித்சு என்னும் மீனவ ஊரார், சிப்பியின் உட்புறத்து ஒளிக்கோலத்தில் தேவமாதாவின் சாயலைக் கண்டு அதனைப் போற்றி வைத்திருந்தனர்.

1864-இல் நாகசாகியில் வெளிநாட்டவருக்கென ஓவுரா கோயில் கட்டி முடிக்கப்பட்டது. நம் புதுச்சேரிப் பகுதியில் உழைத்த அதே பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த குரு பெத்தித்ஜான் அங்கே இருந்தார். 1865-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள், ஊராகாமி ஊரார் சிலர் அக்கோயிலுக்கு வந்தனர். அவர்களுள் ஒரு பெண் குருவை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லக் கூறி, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று வினவினார். ஏழு தலைமுறைகள் காத்த மறைபொருள் அன்று வெளிப்பட்டது.

ஆனால் துன்பம் அத்துடன் தீரவில்லை. ஊராகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் தம் ஊரினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல் தடை நீங்கியதும் எஞ்சியோர் திரும்பி வந்தனர். திருவுருவத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் வளாகத்தையே விலைக்கு வாங்கி, அங்கே செங்கல் கோயில் எழுப்பினர். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் காலை 11 மணி 2 நிமிடத்திற்கு, அக்கோயிலுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. அப்பங்கின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மடிந்தனர். இரு மணிகளுள் ஒன்று மட்டும் இடிபாடுகளிடையே சிதையாமல் கிடைத்தது. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய இரவில் அதனை ஒலித்தனர். இன்றுள்ள கோயில் 1959-இல் கட்டப்பட்டது. அழிந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் அளித்த புதுமணி, 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது.

மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவரோடு தொடர்புடைய 12 இடங்களை 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாய் ஏற்றது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தடை நீங்கிய பின்னும், முன்னோர் காட்டிய முறையை விட மனமின்றித் திருச்சபையோடு சேராதிருந்தோர் பலர். அவர்தம் வழிவந்தோர் இக்கித்சுகி போன்ற தீவுகளில் இன்றும் சிலர் உளர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்கள் காத்ததும் அன்பினாலேயே.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

மார்ச்சு இறுதியும் ஏப்ரல் தொடக்கமும் சேர்ரி மலரும் காலம். நவம்பர் இலைகள் சிவக்கும் காலம். இரண்டும் ஏற்றவை; கூட்டமும் மிகுதி. சூன் திங்களில் மழை தொடங்கிவிடும். மடங்களில் பல இடங்களில் காலணியைக் கழற்றவேண்டும்; எளிதில் கழற்றத்தக்கதை அணிதல் நலம். இசேயில் வேலிக்குள் செல்லவும் படம் எடுக்கவும் இயலாது. நாகசாகிப் பகுதியின் சிற்றூர்க் கோயில்கள் பல, இன்றும் மக்கள் செபிக்கும் இடங்கள். முன்னரே தெரிவித்துவிட்டுச் செல்லவேண்டும். உள்ளே படம் எடுத்தல் தகாது.

அன்பு வாசகர்களே, ஹோரியூஜியின் மரத்தைக் காத்தோர் தச்சர். இசேயின் வடிவைக் காத்தோர் கைவினைஞர். நாகசாகியின் விசுவாசத்தைக் காத்தோரோ தாய் தந்தையர். அவர்களுக்கு மறைக்கல்வி நூல் இல்லை. குருவின் துணை இல்லை. இரவு நேரமும் தாழ்ந்த குரலுமே இருந்தன. நம் வீடுகளில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். நாளை குருவும் கோயிலும் இல்லையாயின், நம் பிள்ளைகள் எந்தச் செபத்தை மனப்பாடமாய்ச் சொல்வர்? எத்திருநாளை நினைவில் வைத்திருப்பர்? அவர்கள் பிள்ளைகளுக்கு எதனைச் சொல்லித் தருவர்? இன்றிரவு விளக்கேற்றிய பின் குடும்பமாய் அமர்ந்து இதற்கு விடை காண்போம்.