பக்கத்து வீட்டுக்கு வீசினால் திரும்பி வரும் விருந்தாளி!

கீரைப் பாத்தி பச்சைப் பசேல் என்று நிற்கிறது. "நாளைக்குப் பறித்து மசியல் செய்யலாம்" என்று வீட்டு அம்மா நினைக்கிறார். விடிந்து போய்ப் பார்த்தால் இலையைக் காணோம். தண்டு மட்டும்தான் நிற்கிறது! தரையிலே வெள்ளி ஜரிகை இழுத்தது போல ஒரு கோடு பளபளக்கிறது.

திருடன் யார்? நத்தை!

சாதாரணத் திருடன் வந்த தடம் தெரியாமல் போவான். இந்தத் திருடனோ வந்த வழி, போன வழி இரண்டையும் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போகிறான். அப்படியும் பிடிபடுவதில்லை. காரணம், அவன் வேலை செய்வது இரவிலே. வீட்டுக்காரர் தேடுவது பகலிலே!

மதிலுக்கு மேலே ஒரு வீச்சு

நத்தையைக் கண்டதும் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இப்படியும் அப்படியும் பார்ப்பார்கள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வீசிவிடுவார்கள். தொல்லை ஒழிந்தது என்று கையைத் தட்டிக் கொள்வார்கள்.

ஒழிந்ததா? இல்லை!

இங்கிலாந்தில் ஒரு பாட்டி இதைச் சோதித்துப் பார்த்தார். தோட்டத்து நத்தைகளின் ஓட்டில் நகச் சாயத்தால் அடையாளம் போட்டார். அவற்றைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். பல நத்தைகள் பழைய தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டன! 10 மீட்டர் தூரத்திலிருந்துகூட வழி கண்டுபிடித்து வந்தன. பி.பி.சி. வானொலி 2010-ல் நடத்திய அறிவியல் போட்டியில், இந்தச் சோதனைக்காக அந்தப் பாட்டிக்கே முதல் பரிசு கிடைத்தது.

ஆகவே, மதிலுக்கு மேலே வீசுகிறவர் நத்தையை ஒழிக்கவில்லை. அதை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பி வைக்கிறார். இதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருக்கமாட்டார். அவரும் இந்தப் பக்கம் வீசுவார். இரண்டு வீட்டுக்காரருக்கும் பகை வளரும். நத்தைக்கோ இரண்டு வீட்டிலும் சாப்பாடு!

மூன்று நத்தை 18 ஆயிரம் ஆன கதை

நத்தையை லேசாக நினைக்கக் கூடாது. உள்ளங்கை அளவுக்கு வளர்கிற ஆப்பிரிக்க நத்தை இருக்கிறதே, அது இந்த நாட்டுப் பிராணி அல்ல. 1847-ம் ஆண்டில் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீசியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்கு அதைக் கொண்டு வந்தார். ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கே தொடங்கியது வினை. இன்று தமிழ்நாடு, கேரளம் வரை அதன் குடும்பம் பரவிக் கிடக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1966-ல் ஒரு பையன் ஹவாய் தீவுக்குப் போய்விட்டு, மியாமி நகருக்குத் திரும்பினான். மூன்று நத்தைகளை யாருக்கும் தெரியாமல் கொண்டு வந்தான். அவனுடைய பாட்டி, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று நினைத்தாரோ என்னவோ, தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழே ஆண்டுகளில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டன! அவற்றை ஒழிக்க அரசாங்கம் சுமார் 10 லட்சம் டாலர் செலவழித்தது.

இப்படிப் பெருகுவதற்குக் காரணம் என்ன? இந்த நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு கிடையாது. எல்லா நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு 200 முட்டைகள்கூட இடும். ஓராண்டில் பல தடவை இடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு தூங்கும். மழை வந்ததும் எழுந்து சாப்பாட்டுக்கு வந்துவிடும். சுமார் 500 விதமான செடிகளை அது தின்னும். "எனக்கு இது பிடிக்காது" என்று ஒதுக்குகிற பழக்கமே இல்லாத பிள்ளை!

கைகொடுக்காத வைத்தியங்கள்

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தை வராது என்பார்கள். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் இதைச் சோதித்து, பலன் தெரியவில்லை என்று 2018-ல் அறிவித்தது. நத்தை தன் வழுவழுப்பையே கம்பளமாக விரித்துக்கொண்டு அதன்மேல் நடந்து வந்துவிடுகிறது!

பாத்தியில் உப்பைக் கொட்டுகிறவர்களும் உண்டு. நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும், செடியும் கருகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! நத்தைக்கு வைக்கிற விஷக் குருணையோ அதைவிட ஆபத்து. குழந்தையும் நாயும் ஓடியாடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

"நத்தையைத் தின்ன வேறொரு பிராணியை விட்டால் என்ன?" என்று கேட்கலாம். ஹவாயில் 1955-ல் அப்படித்தான் செய்தார்கள். நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தையை வெளியூரிலிருந்து இறக்கினார்கள். அது எதிரியை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே சொந்தமான சின்னஞ்சிறு மர நத்தைகளைத் தின்று தீர்த்தது!

பலன் தரும் வழி

கைச்செலவு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு கோணிச் சாக்கை நனையுங்கள். அதற்குள் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ போட்டு, சாயங்காலம் தோட்டத்து மூலையில் வையுங்கள். ஈரமும் வாசனையும் நத்தைகளை இழுக்கும். ஓடில்லாத நத்தைகளும் வந்து ஒதுங்கும். காலையில் சாக்கை எடுத்து, வாளியில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீரில் நத்தைகளைப் போடுங்கள். பிறகு குழி தோண்டிப் புதையுங்கள். அந்த உப்புத் தண்ணீரைச் செடி இருக்கும் இடத்தில் ஊற்ற வேண்டாம். பகலில் நத்தை ஒளிகிற செங்கல், பலகை, குப்பைக் குவியல்களையும் அகற்றுங்கள். தோட்டத்தில் செம்போத்து நடமாடினால் விரட்டாதீர்கள். அது நத்தையைத் தின்னும் பறவை. கூலி கேட்காத காவல்காரன்!

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெறும் கையால் நத்தையைத் தொடவே கூடாது. எலியின் உடம்பில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள், எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போய்ச் சேர்கின்றன. அவை மனிதனின் வயிற்றுக்குள் போனால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வீக்கத்தை உண்டாக்கும். ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரையை இலை இலையாக அலசி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். குழந்தைகள் டார்ச் விளக்குப் பிடிக்கட்டும். நத்தையைப் பெரியவர்கள் பிடிக்கட்டும். "ஒரு நத்தைக்கு ஒரு ரூபாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பையன்கள் நத்தை வளர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்!

தெருவே சேர வேண்டும்

இவ்வளவும் ஒரு வீட்டில் மட்டும் செய்தால் போதாது. நத்தைக்கு மதில் ஒரு தடை அல்ல. நேராக ஏறி இறங்கும். மனிதனுக்குத்தான் மதில் தடையாக இருக்கிறது! அமெரிக்காவில் ஒழிந்தது என்று நினைத்த நத்தை 2011-ல் மீண்டும் தலைகாட்டியது. 10 ஆண்டு பாடுபட்டு 2021-ல் ஒழித்தார்கள். 2022-ல் வேறோரிடத்தில் மறுபடியும் வந்துவிட்டது. எவ்வளவு கண்காணித்தாலும் ஒரு மூலையில் மிச்சம் இருந்தால் போதும்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் மாலையில் தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் சாக்கு வைத்தால், நத்தை ஓடி ஒளிய இடம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நத்தையை வீசுவதை விட, "இன்று சாக்கு வைத்துவிட்டீர்களா, அண்ணே?" என்று ஒரு வார்த்தை வீசுவது நல்லது. கீரையும் பிழைக்கும், உறவும் பிழைக்கும்!