முதலில் படம், பிறகுதான் கெடு

இலங்கையின் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், வராவிட்டால் அது அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்றது 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். தமிழ்க் கட்சிகள் கொதித்தெழுந்தன. வழக்குப் போடப்பட்டது. ஜூன் 27 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெறுவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கம் ஒருமுறை போய்வரட்டும்.

மன்னாரின் பங்கு 54 ஏக்கர்தானே என்று அங்கே யாரும் கால் நீட்டிப் படுக்க முடியாது. அந்த வர்த்தமானிக்கு அடிப்படையான 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் புத்தகத்தில் இருக்கும் வரை, இன்னொரு அறிவித்தலும் இன்னொரு மூன்று மாதமும் எந்த நேரத்திலும் வரலாம். அப்போது கோரிக்கை எழுதப் போகிறவர் கையில் என்ன வைத்திருப்பார்? உறுதி மட்டும் இருந்தால் போதாது. உறுதி சொல்லும் காணி தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் முறையான நில அளவைப் படம் வேண்டும். முசலியில் பலரிடம் இல்லாதது அதுதான்.

பழைய உறுதிகளில் காணியை விபரிக்கும் அட்டவணையைப் படித்தால் சிக்கல் விளங்கும். வடக்கு இன்னாரின் வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு வீரை மரம் நிற்கும் பற்றை, மேற்கு கடல், விஸ்தீரணம் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் என்ற தினுசில்தான் எழுதியிருப்பார்கள். எழுதிய காலத்தில் அதில் குறை ஒன்றும் இல்லை. வடக்கு வளவுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். ஒழுங்கையில் வண்டில் போனது. எல்லைக்கு ஊரே சாட்சி. இன்று வடக்கு வளவுக்காரரின் பேரப்பிள்ளைகள் புத்தளத்தில். ஒழுங்கையைக் காடு மூடிவிட்டது. வீரை நின்ற இடம் தெரியவில்லை. நொத்தாரிசு எழுதிய அந்த நான்கு வரிகளை மட்டும் வைத்து எந்தச் சேவயரும் உறுதியாகக் கோடு போட முடியாது. போட்டால் அது அவருடைய ஊகம்.

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விரட்டியபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி, சிலாவத்துறை என்று முசலியின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. கையில் எடுத்துப் போக முடிந்தது சொற்பம். ஒரு முழுத் தலைமுறை புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தது. 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய வேளையில் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழர்களின் முறை வந்தது. அவர்களின் ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாயிற்று. மக்கள் மலங்காட்டில் கொட்டில் போட்டுக் காத்திருந்தார்கள். 2017 மார்ச் 23 முதல் ஐந்து வாரத்துக்கு மேல் அவர்கள் போராட்டத்தில் அமர்ந்த பிறகு, ஏப்ரல் 29 ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. விரட்டியவர் வேறு, விரட்டப்பட்டவர் வேறு, ஆண்டும் வேறு. ஆனால் வேலியும் ஒழுங்கையும் எல்லைக் கல்லும் அழிந்த விதம் ஒன்றுதான்.

ஆளில்லா வளவில் பற்றை வளர்வது இயற்கை என்று விட்டுவிட முடியாது. அதற்குச் சட்ட விளைவு உண்டு. காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடப்படாத காணி எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியது என்று ஊகிக்கும் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானியர் 1840 இல் கொண்டுவந்தார்கள். கோப்பித் தோட்டக்காரருக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது. அந்த ஊகம் இன்னும் சாகவில்லை. ஆளை விரட்டினால் வளவு தரிசாகிறது. தரிசானால் அரசுக்கு ஆகிறது. திரும்பி வந்தவர்தான் அது தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். விரட்டப்பட்டவருக்கு இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. பத்து ஆண்டு எதிரிடையாக அனுபவித்தவருக்கு உரிமை என்ற விதியில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க 2016 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. காலத்தைக் கழித்தார்கள், நல்லது. அழிந்த எல்லையை மீண்டும் வரைந்து கொடுக்கும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

தனக்குத் தேவையானபோது அரசு எவ்வளவு விரைவாகக் கோடு போடும் என்பதையும் முசலி பார்த்திருக்கிறது. மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காட்டுக்குள் போயின. 2017 மார்ச் 24 ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடியே கையெழுத்திட்டு, அந்தக் காடுகளைச் சேர்த்து 40,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனமாக்கினார். தங்கள் பூர்வீக ஊர்களும் வயல்களும் மேய்ச்சல் தரைகளும் அதற்குள் அகப்பட்டுவிட்டன என்று மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக் கணக்கில் போராடினார்கள். 40,000 ஹெக்டயருக்கு ஒரு கையெழுத்துப் போதும். அரை ஏக்கர் வளவுக்கு வருடக் கணக்கில் அலைச்சல்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. வில்பத்து தேசிய பூங்காவை அண்டிய கல்லாற்றுக் காட்டில் குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சூழலியலாளர்களின் கவலை கற்பனை அல்ல. ஆனால் எது 1990 க்கு முன் ஊராக இருந்தது, எது என்றைக்கும் காடு என்று துண்டு துண்டாகக் காட்டும், இரு தரப்பும் ஏற்கும் அளவைப் படம் ஒன்று இருந்திருந்தால் இத்தனை ஆண்டுச் சண்டையில் பாதி தேவைப்பட்டிராது. கொழும்பில் முழுக் குடியேற்றத்தையும் காடழிப்பு என்றார்கள். மன்னாரில் முழுக் காட்டையும் பூர்வீகம் என்றவர்களும் இருந்தார்கள். படம் இல்லாத இடத்தில் குரல் பெரியவர் பேசுவதே எல்லை.

முறையான படம் என்பது வெறும் கோட்டோவியம் அல்ல. துண்டு இலக்கம், அளவுத்திட்டம், வடதிசைக் குறி, விஸ்தீரணம், கிராமமும் கிராம அலுவலர் பிரிவும், எல்லைக் கற்கள், காணிக்குள் போகும் வழி, அளந்த திகதி, நில அளவையாளரின் கையொப்பம் என்று எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாக, நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராமப் படத்தின் மேல் புதிய அளவையைப் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். முசலி போன்ற இடத்தில் உயிர்நாடியே அதுதான். ஒழுங்கை எங்கே போனது என்று சொல்லப் பழைய படத்தைவிட உறுதியான சாட்சி இல்லை.

உறுதிக்காரர் பாடு இப்படி என்றால் பெர்மிட்காரர் பாடு இன்னொரு விதம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தோடு பெரும்பாலும் இருப்பது அலுவலர் கையால் வரைந்த ட்ரேசிங். அதை அளிப்புப் பத்திரமாக மாற்ற அரச நில அளவையாளர் அளந்த படம் தேவை. 1947 ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டப்படி நீண்டகாலக் குத்தகை எடுப்பதானாலும் அப்படியே. வழமையாக முப்பது வருடம் ஓடும் அந்தக் குத்தகைக்கு, விஸ்தீரணம் தெரியாமல் விலைமதிப்புத் திணைக்களம் எதை மதிப்பிடும்? அவசரத்தில் ஒருவர் தன் காசைக் கொட்டித் தனியார் சேவயரைப் பிடித்தால், அரச காணிக்கு அந்தப் பிளான் உதவாது, திணைக்களத்தின் படம் வேண்டும் என்று பதில் வரும். திணைக்களத்துக்கு வேண்டுகோள் போக வேண்டியது பிரதேச செயலகம் வழியாக. அங்கே வரிசை. இரண்டு முறை கட்டணம், இரண்டு முறை அலைச்சல், கையில் இன்னமும் ட்ரேசிங்.

மேற்கு எல்லை கடல் என்று எழுதியவர்களின் நிலைமை இன்னும் மோசம். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800 களின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையை, ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பதை, இன்று போய்ப் பார்க்கலாம். கடல் அதன் காலடியை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆளுநரின் சுவருக்கே அந்தக் கதி என்றால் மீனவரின் வேலிக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமோ உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. கோடு உள்ளே நகர நகர, நேற்று வலயத்துக்கு வெளியே இருந்த வளவு இன்று உள்ளே. அளந்த திகதி போட்ட படம் இல்லாதவர் இதை எந்த அலுவலகத்தில் வாதாட முடியும்?

இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை, வங்குரோத்தான நாட்டில் எப்படி முடியும் என்ற கேள்வி வரும். ருவாண்டா இலங்கையைவிட ஏழை நாடு. இனப்படுகொலையும் அகதிகள் திரும்பியதும் அங்கே காணிக்காரர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டிருந்தன. அங்கே 2009 முதல் சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட காணித் துண்டுகளைப் பதிவு செய்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களை ஊருக்குள் விரித்து, பயிற்றப்பட்ட உள்ளூர் இளைஞர்கள் அயலவர் முன்னிலையில் எல்லைகளைக் கேட்டுக் குறித்தார்கள். சென்ரிமீற்றர் கணக்கு வராது. ஆனால் யாருடையது எது என்பது வந்துவிடும். இங்கிலாந்து மறுகோடி. அங்கே ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும். படத்தில் அளவுத்திட்டமும் வடதிசைக் குறியும் இல்லாவிட்டால் பதிவகம் கேள்வி எழுப்பும். அந்தக் கண்டிப்பு அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் நாடு முழுவதற்கும் நுட்பமான அடிப்படைப் படத்தை அரசே வரைந்து வைத்திருக்கிறது. அடிப்படையைத் தராமல் கண்டிப்பை மட்டும் இறக்குமதி செய்வது இலங்கைக்குத்தான் கைவந்த கலை.

ஆகவே முசலியில் செய்ய வேண்டியது தெளிவு. மீள்குடியேறிய ஒவ்வொரு ஊரையும் நில அளவைத் திணைக்களம் அரச செலவில் அளக்க வேண்டும். வன அதிகாரி, கிராம அலுவலர், ஊர்ப் பெரியவர்கள் மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று எல்லையைக் காட்ட வேண்டும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருப்போருக்கு முன்கூட்டியே அறிவித்தல் போக வேண்டும். வீட்டுக்காரர் காணாமல் ஆக்கப்பட்ட, அல்லது அவரைப் போரில் பறிகொடுத்த பெண்களின் பெயர் அந்த அறிவித்தல் பட்டியலில் விடுபடக் கூடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மூத்த மகனுக்கே முதலுரிமை என்றிருந்த பழைய வாரிசு விதி 2022 இல் திருத்தப்பட்டுவிட்டது என்பதைச் சில மேசைகளுக்கு இன்னும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. படம் தமிழில் பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் தொங்க வேண்டும். உரிமை கோரும் எந்தக் கெடுவும் அது தொங்கிய நாளிலிருந்துதான் ஓட வேண்டும். அதுவரை முசலியில் எந்தக் கம்பனிக்கும் புதிதாக நீண்டகாலக் குத்தகை எழுதக் கூடாது, எந்தப் புதிய வன எல்லையும் வர்த்தமானியில் ஏறக் கூடாது.

கடற்படை முகாமுக்குள் கிடக்கும் வளவுகளையும் விட்டுவிட முடியாது. விடுவித்த பிறகு அளப்போம் என்பது சாக்கு. பழைய கிராமப் படம் இருக்கிறது, முள்ளிக்குளத்துக் கோயில் இருக்கிறது, எந்த வீடு எங்கே நின்றது என்று கைகாட்டக்கூடிய முதியவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்துப் போய் அளந்தால், எந்தக் குடும்பத்தின் எத்தனை பேர்ச்சில் முகாம் நிற்கிறது என்பது பெயரோடு படத்தில் ஏறிவிடும். கடற்படைக்கு அது பிடிக்காமல் போகலாம். அதற்காகவே முதல் அளவைக் குழு அங்கே போக வேண்டும்.