ஒரே ஒரு அடியில் போன பதக்கம்... ஸ்பெயினில் கோப்பை தூக்கிய அதிதி அசோக்! சங்கரன்கோவில் மாணவிக்கு கோல்ஃப் எட்டுமா?

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்ற நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே நாள் காலையில் இன்னொரு விஷயமும் நடந்தது. கோல்ஃப் விதியே தெரியாத லட்சக்கணக்கான இந்தியர்கள், டிவி முன்னாடி உட்கார்ந்து ஒரு 23 வயது பெண்ணுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் அதிதி அசோக்.

பதக்கம் வரவில்லை. நாலாவது இடம். ஆனால் அதன் பிறகு அவர் என்ன ஆனார்? கோல்ஃப் வீராங்கனை ஆக உண்மையிலேயே என்ன தேவை? சங்கரன்கோவில் மாதிரி ஊரில் படிக்கும் ஒரு மாணவிக்கு இந்த ஆட்டம் எட்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த அதிதி?

1998-ல் பெங்களூருவில் பிறந்தவர். 5 வயதில் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் ஆடத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள்ளேயே, 2015 டிசம்பரில், ஐரோப்பிய மகளிர் தொடருக்கான தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்தார். 2016-ல் தொழில்முறை வீராங்கனை ஆனார்.

அந்த ஆண்டு கோல்ஃப்புக்கே முக்கியமான ஆண்டு. 1904-க்குப் பிறகு முதல்முறையாக ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் திரும்ப வந்தது. 18 வயதில் அதில் ஆடினார் அதிதி. முதல் 2 நாளும் 68, 68 என்று அசத்தினார். கடைசி 2 நாள் சறுக்கி, 41-வது இடத்தில் முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் மகளிர் இந்தியன் ஓபனை வென்று, ஐரோப்பிய தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அடுத்த 2 வாரத்தில் கத்தாரிலும் கோப்பை. அந்த சீசனின் சிறந்த அறிமுக வீராங்கனை விருதும் அவருக்கே.

டோக்கியோவில் என்ன நடந்தது?

முதலில் கணக்கு. ஒரு சுற்றில் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அதுக்குப் பேர் 'பார்'. அதைவிட ஒரு அடி குறைவாகப் போட்டால் 'பேர்டி', ஒரு அடி கூடினால் 'போகி'. 4 நாளும் சேர்த்து யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி.

டோக்கியோவில் அதிதி எடுத்தது 67, 66, 68, 68. மொத்தம் 269 அடி, பாரை விட 15 குறைவு. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 குறைவு. வெள்ளி, வெண்கலம் வென்ற ஜப்பானின் மோனே இனாமி, நியூசிலாந்தின் லிடியா கோ இருவரும் 16 குறைவு. அதாவது, 4 நாள் ஆட்டத்தில் ஒரே ஒரு அடி குறைந்திருந்தால் அதிதிக்கும் பதக்க வாய்ப்பு!

கவனிக்க வேண்டியது வேறு. அப்போது உலகத் தரவரிசையில் கோர்டா 1, அதிதி 200. அந்த ஆண்டு கொரோனா தாக்கி உடல் வலு குறைந்த நிலையில் வந்திருந்தார். பந்தை நீளமாக அடிப்பதில் அவர் கடைசி வரிசை. ஆனால் குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிப் போடும் 'பட்டிங்'கில் அவர் முன்வரிசை. பலத்தில் விட்டதை நிதானத்தில் பிடித்தார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது, அவருடைய அம்மா மகேஸ்வரி.

நாலாவது இடத்துக்குப் பிறகு?

ஒலிம்பிக் முடிந்ததும் பேச்சும் அடங்கிப் போச்சு. ஆனால் அதிதி ஆட்டத்தை நிறுத்தவில்லை. 2017 அபுதாபி வெற்றிக்குப் பிறகு 5 வருடத்துக்கு மேல் கோப்பை இல்லாமல் இருந்தவருக்கு, 2023 பெரிய திருப்பம்.

• பிப்ரவரி: கென்யா ஓபனில் 9 அடி வித்தியாசத்தில் வெற்றி.

• ஏப்ரல்: அமெரிக்க எல்.பி.ஜி.ஏ. தொடரில், லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் 3 பேர் சமநிலை. பிளே-ஆஃபில் ஆஸ்திரேலியாவின் ஹன்னா கிரீனிடம் தோல்வி.

• அக்டோபர் 1: ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி. ஆசிய விளையாட்டு கோல்ஃப்பில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்.

• நவம்பர்: ஸ்பெயினின் மார்பேயாவில் நடந்த ஸ்பெயின் ஓபனில் சாம்பியன். ஐரோப்பிய தொடரில் இது 5-வது பட்டம்.

இதில் ஹாங்சோ வெள்ளிதான் வலிக்கும் கதை. 3-வது நாள் 61 அடித்து, 7 அடி முன்னிலையோடு கடைசி நாளுக்கு வந்தார். தங்கம் உறுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசி நாளில் 77. தாய்லாந்தின் அர்பிசயா யூபோல் தங்கத்தைத் தட்டிச் சென்றார். அடுத்த மாதமே ஸ்பெயினில் கோப்பையைத் தூக்கியது, அந்தச் சரிவிலிருந்து அவர் எவ்வளவு சீக்கிரம் எழுந்தார் என்பதைக் காட்டுகிறது.

இப்படிச் சரிவது அவருக்கு மட்டும் நடப்பது இல்லை. ஸ்பெயினின் நட்சத்திரம் ஜான் ராம், 2024 பாரிஸ் ஒலிம்பிக் கடைசி நாளில் 8 குழி பாக்கி இருந்தபோது 4 அடி முன்னிலையில் இருந்தார். முடிவில் பதக்கமே இல்லை. அதே பாரிஸில் அதிதி 29-வது இடம்.

பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

இதற்குப் பதில் ஸ்பெயினிலேயே இருக்கிறது. ஐரோப்பிய கோல்ஃப்பின் முகமாக இருந்த செவே பாயெஸ்டெரோஸ், பெட்ரேன்யா என்ற கடலோரக் கிராமத்துக்காரர். சிறுவயதில் கையில் இருந்தது ஒரே ஒரு மட்டை. கடற்கரை மணலில் அடித்துப் பழகினார். ஊரிலிருந்த கோல்ஃப் கிளப்பில் அடுத்தவர் பையைச் சுமக்கும் 'கேடி' வேலை பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் ஓபனை 3 முறையும் அமெரிக்க மாஸ்டர்ஸை 2 முறையும் வென்றார்.

நம் நாட்டிலும் இந்தப் பாதை உண்டு. 1991, 1993-ல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூருவில் பை சுமந்தவர்.

மூவருக்கும் ஒரு ஒற்றுமை: கையில் பணம் இல்லை, ஆனால் நடந்துபோகும் தூரத்தில் மைதானம் இருந்தது. அதிதிக்கும் அதே. கூடவே நேரமும் பணமும் செலவிட முடிந்த பெற்றோர் இருந்தார்கள். சர்வதேசத் தொடரில் ஆடுபவர் விமானம், தங்கும் இடம், கேடி சம்பளம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் முதல் 2 நாளில் பின்தங்கினால் வெளியே போக வேண்டியதுதான், பரிசுப் பணம் கிடையாது.

சங்கரன்கோவிலில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டின் பழைய கோல்ஃப் மைதானங்கள் சென்னை, ஊட்டி, கொடைக்கானல் என்று வெள்ளைக்காரர்கள் வேலை பார்த்த, ஓய்வெடுத்த இடங்களில்தான் வந்தன. கொடைக்கானல் கிளப் 1895-ல் தொடங்கியது. சங்கரன்கோவிலில் இருந்து அங்கே போக ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வடக்கே போய், மலை ஏற வேண்டும். மேற்கே செங்கோட்டை வழியாகப் போனால் திருவனந்தபுரத்தில் 9 குழி மைதானம். பள்ளி விட்டதும் தினமும் போய் பழகும் தூரமா இது? அதுவும் வெளியாள் உள்ளே நுழைய கிளப்பின் அனுமதி வேண்டும்.

18 குழி மைதானம் ஒன்று கட்ட 100 ஏக்கருக்கு மேல் நிலமும், புல்லுக்கு ஓயாத தண்ணீரும் வேண்டும். மழையை நம்பி விதைக்கும் சங்கரன்கோவில் பக்கம் அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை.

ஆனால் டோக்கியோவில் அதிதியைத் தூக்கி நிறுத்தியது எது? பட்டிங். அதற்கு 100 ஏக்கர் வேண்டாம். ஒரு பள்ளி மைதானத்தின் மூலையில் சமமாக வெட்டிய சிறு புல்தரை போதும். வலை கட்டிய பயிற்சிக் கூடத்தில் நீள அடியும் பழகலாம். பெரிய மைதானத்துக்கு மாதம் ஒருமுறை கூட்டிப் போனால்கூட ஒரு தொடக்கம் கிடைக்கும். இதைச் செய்வது அரசும் கோல்ஃப் சங்கங்களும் நினைத்தால் நடக்கிற காரியம்.

கபடியும் வாலிபாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கைவந்ததற்குக் காரணம், தெருமுனையில் அதற்கு இடம் இருந்ததுதான். அதிதி தவறவிட்டது ஒரே ஒரு அடி. சங்கரன்கோவில் மாணவிக்கு இன்னும் அந்த முதல் அடியை அடிக்கவே இடம் கிடைக்கவில்லை.