பொதுச்சொத்தாக ஒரு கசப்பு

அமெரிக்க பியரின் மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கலிபோர்னியாவின் சில பிடிவாதக்கார இளைஞர்கள் வீட்டுக் கொட்டகையில் அண்டாவை ஏற்றினார்கள், பெருநிறுவனங்களின் நீர்த்துப்போன லாகரைச் சலித்து ஒதுக்கினார்கள், கடைசியில் சந்தை அவர்கள் பக்கம் திரும்பியது. தனிமனித முயற்சியின் வெற்றிக்கதை. இதில் பொய் ஏதுமில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. விடுபட்ட பாதியில் ஓர் அரசு வேளாண் ஆய்வுத் திட்டத்தின் பதினாறு வருடப் பொறுமை இருக்கிறது. லாரிகளுக்கான வரிச் சட்டத்தில் ஒட்டவைக்கப்பட்ட ஒரு திருத்தமும் இருக்கிறது. வீட்டில் தானியத்திலிருந்து பேல் ஏல் காய்ச்சுகிற ஒருவர் எந்த ஹாப்பை வாங்குகிறார் என்ற மிகச் சிறிய கேள்வி, அந்த விடுபட்ட பாதியோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1920இல் தொடங்கிய மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது, வீட்டில் ஒயின் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. பியருக்கு இல்லை. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவில் தன் சமையலறையில் பியர் காய்ச்சியவர் எல்லோரும் தொழில்நுட்பரீதியாகக் குற்றவாளிகளே. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் லாரி, பேருந்து, டிராக்டர்கள் மீதான வரியைப் பற்றியது. அதில் செனட்டர் ஆலன் க்ரான்ஸ்டன் சேர்த்த ஒரு திருத்தம், வயதுவந்த ஒருவர் தனித்து வாழும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ வாழும் வீட்டில் 200 கேலன் வரை வரியின்றிப் பியர் செய்துகொள்ளலாம் என்றது. விற்கக்கூடாது என்பதே நிபந்தனை. 1979 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் தம் பங்குக்கு இழுத்தடித்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் ஒப்புக்கொண்டன.

கார்ட்டர்தான் கைவினை பியரின் தந்தை என்று சிலர் எழுதுவது மிகை. ஃப்ரிட்ஸ் மேடாக் சான்ஃப்ரான்சிஸ்கோவின் நலிந்த ஆங்கர் ஆலையை வாங்கியது 1965இல். ஜாக் மெக்காலிஃப் சொனோமாவில் நியூ அல்பியன் ஆலையைத் தொடங்கியது 1976இல். அதே 1976இல் சிகோ நகரில் கென் க்ராஸ்மன் வீட்டுக் காய்ச்சலுக்கான பொருட்களை விற்கும் கடை வைத்திருந்தார். சட்டம் வருவதற்கு முன்பே மனிதர்கள் தயாராக இருந்தார்கள். சட்டம் செய்தது வேறொன்று. ஒளித்துச் செய்ததை வெளிப்படையாகப் பேசவைத்தது. குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளவும், சங்கம் அமைக்கவும், ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்துப் பார்த்து முகத்துக்கு நேராகக் குறை சொல்லவும் முடிந்தது. நம் சிற்றிதழ்களை அறிந்தவர்களுக்கு இந்தச் சூழல் அந்நியமாக இராது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஏறக்குறைய ஒரே நூறு பேர்.

இனி ஹாப். இது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. பெண்கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புகளைப் பிளந்தால் உள்ளே மஞ்சள் தூள் போல லுபுலின் ஒட்டியிருக்கும். பியரின் கசப்பும் மணமும் அதிலிருந்து வருபவை. அமெரிக்க நிலத்தில் வளர்ந்த ஹாப்புக்கு அன்று மரியாதை கிடையாது. நல்ல மணம் வேண்டுமென்றால் ஜெர்மனியிலிருந்து ஹாலர்டாவ் வரவேண்டும். இந்த நிலையில்தான் அமெரிக்க வேளாண்துறையின் ஹாப் இனப்பெருக்கத் திட்டம், ஆரிகன் மாநிலத்தின் கார்வாலிஸில், இங்கிலாந்தின் ஃபக்கிள் ஹாப்பையும் செரெப்ரியான்கா என்ற ரஷ்ய இனத்தின் வழித்தோன்றலையும் கொண்டு ஒரு கலப்பை உருவாக்கியது. விதை கிடைத்த ஆண்டு 1956. நோக்கம் ஒன்றும் கவித்துவமானதில்லை. இலையைத் தாக்கும் பூஞ்சைநோயைத் தாங்கும் ஒரு மணஹாப் வேண்டும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் அது பெயரின்றி, ஓர் எண்ணாக மட்டும் சோதனை வயலில் நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஹாலர்டாவ் வாடல்நோயால் பாதிக்கப்பட்டு விலை ஏறியபோதுதான் பெரிய ஆலைகள் அதைத் திரும்பிப் பார்த்தன. ஆல் ஹாவ்னோல்ட் என்ற ஆய்வாளரின் காலத்தில், 1972இல், காஸ்கேட் என்ற பெயருடன் அது பொதுப்பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. முதலில் வாங்கிய பெருநிறுவனம் கூர்ஸ்.

பெரிய ஆலைகளுக்குக் காஸ்கேட் ஒரு மாற்றுப்பொருள் மட்டுமே. அதன் பம்ப்ளிமாஸ் தோலை நகத்தால் கீறியது போன்ற மணத்தை அவர்கள் ஒரு குறையாகவே கண்டார்கள். அந்தக் குறையை முன்னே நிறுத்தலாம் என்று கண்டவை சிறிய ஆலைகள். 1975இல், பால் ரெவியரின் குதிரைப் பயணத்தின் இருநூறாம் ஆண்டை ஒட்டி ஆங்கர் ஆலை லிபர்ட்டி ஏலைக் காய்ச்சியது. 1980இன் இறுதியில், பால்பண்ணைகளிலிருந்து வாங்கிய பழைய தொட்டிகளைக் கொண்டு க்ராஸ்மனும் பால் கமூசியும் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பேல் ஏல் இன்றும் 5.6 சதவீத ஆல்கஹாலும் 38 என்ற கசப்பு அளவும் கொண்டது. இன்றைய நாக்குக்கு அது சாதுவாகத் தோன்றும். அன்று அது ஒரு அறை.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, காஸ்கேட் எவருக்கும் சொந்தமில்லை என்பதை. மக்கள் வரிப்பணத்தில் உருவாகி, மக்களுக்கென வெளியிடப்பட்ட செடி அது. ஒரு துண்டு வேர்த்தண்டை வாங்கி வேலியோரம் ஊன்றினால் மூன்றாம் ஆண்டில் கை நிறையக் கூம்பு பறிக்கலாம். யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. 1985இல் வந்த சினூக்கும், 1990இல் வந்த சென்டெனியலும் இவ்வாறே. இவை மூன்றும் இல்லாமல் அமெரிக்க பேல் ஏல் என்ற வகையே இல்லை எனலாம். இன்று ஹாப் கடைக்குப் போய்ப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவை சிட்ரா, மொசைக், சிம்கோ. எல்லாம் தனியார் இனப்பெருக்க நிறுவனங்களின் உடைமைகள். யார் பயிரிடலாம், எவ்வளவு பயிரிடலாம் என்பதை உரிமையாளர்களே தீர்மானிக்கிறார்கள். கூம்பை வாங்கலாம், கொடியை வாங்க முடியாது. 2010களின் இறுதியில் சிட்ரா பயிர்ப்பரப்பில் காஸ்கேடை முந்திவிட்டது.

இதை வெறும் வில்லத்தனமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. ஒரு ஹாப் இனத்தை உருவாக்கப் பத்தாண்டு ஆகிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். உரிமத்தொகை இல்லாவிட்டால் தனியார் எவரும் அதில் இறங்கமாட்டார்கள். யாகிமா பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்கள் பல, காஸ்கேடின் விலை விழுந்த ஆண்டுகளில் இந்தப் புதிய இனங்களால்தான் நிமிர்ந்தன. சிட்ராவின் மாம்பழ, லிச்சி மணத்தை நானும் விரும்புகிறேன். ஆனாலும் வீட்டில் காய்ச்சுபவர், எதையும் விற்கவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே மனிதர், சந்தையின் முன்வரிசையையே ஏன் அப்படியே பின்தொடர வேண்டும்? அவருடைய முன்னோடிகள் செய்ததற்கு நேர்மாறான காரியம் இது. விற்காதே என்று சட்டம் இட்ட நிபந்தனை அவருக்குக் கிடைத்த சுதந்திரம். அதை அவர் பயன்படுத்துவதில்லை என்பதே என் குறை.

தானியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் இதே காரணத்தால்தான். எண்பதுகளில் வீட்டில் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்தே செய்தார்கள். அது இழிவில்லை, நல்ல பியர் அதிலும் வரும். ஆனால் பாகு, யாரோ ஓர் ஆலையில் ஏற்கனவே எடுத்துவிட்ட முடிவுகளின் தொகுப்பு. முளைகட்டி உலர்த்திய பார்லியை நீங்களே வெந்நீரில் ஊறவைக்கும்போதுதான் அந்த முடிவுகள் உங்கள் கைக்கு வருகின்றன. முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க நொதிகளை உருவாக்கிக்கொள்கிறது. அந்த நொதிகளை நாம் நம் காரியத்துக்குத் திருப்பிக்கொள்கிறோம். இது புதிய தந்திரமில்லை. பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியை ஆறவிட்டு, முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து எடுக்கிறார்களே, அங்கே முளை செய்வதும் இதே வேலைதான்.

நான் பின்பற்றும் அளவு, 19 லிட்டருக்கு: வெளிர் இருவரிசைப் பார்லி மால்ட் 4.2 கிலோ, கேரமல் நிறம் தரும் கிரிஸ்டல் மால்ட் 250 கிராம். அதற்கு மேல் கிரிஸ்டல் சேர்த்தால் ஹாப்பின் மீது இனிப்பு படிந்துவிடும். இரண்டையும் உமி சிதையாமல் உடைத்து, 73 பாகைக்குச் சற்றே மேலான 13 லிட்டர் நீரில் கொட்டிக் கிளறினால் கலவை 67 பாகையில் வந்து நிற்கும். அந்த 67இல்தான் எல்லாம் இருக்கிறது. 60 முதல் 65 பாகை வரை வேலை செய்யும் ஒரு நொதி, மாவுச்சத்தின் சங்கிலியை நுனியிலிருந்து சிறுசிறு சர்க்கரையாகக் கடிக்கிறது. ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றுவிடும், பியர் வறண்டு மெலிந்திருக்கும். 70ஐ ஒட்டி வேலை செய்யும் இன்னொன்று சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டுகிறது; ஈஸ்ட் தின்ன முடியாத துண்டுகள் மிஞ்சும், பியருக்கு உடல் வரும். இரண்டு பாகை கூட்டுவதும் குறைப்பதும் ஒரு வாக்கியத்தில் வினையை எங்கே வைப்பது என்பது போல. டப்பாப் பாகில் இந்த முடிவு உங்களுடையதாக இருப்பதே இல்லை.

ஒரு மணி நேரம் மூடிவைத்தபின் வடியும் இனிப்புச் சாற்றையும், 76 பாகை நீரால் தானியத்தை அலசி எடுத்ததையும் சேர்த்து 25 லிட்டர் வரும். இனி கொதி. ஹாப் மணம் நிறைந்த பியர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலங்கள் நீரில் எளிதில் கரையாதவை. நீண்ட நேரம் கொதித்தால் மட்டுமே வடிவம் மாறிக் கரையும். மணம் தரும் எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிவிடும். ஆகவே ஒரே கூம்பை இரண்டு வேளைகளில் இட வேண்டும். கொதி தொடங்கும்போது 35 கிராம் காஸ்கேட். முடிய பதினைந்து நிமிடம் இருக்கையில் 28. அடுப்பை அணைத்ததும் இன்னொரு 28. பிறகு வேகமாகக் குளிரவைத்து, சுத்தம் செய்த தொட்டியில் ஊற்றி, மணத்தில் குறுக்கிடாத அமெரிக்க ஏல் ஈஸ்ட். 18 அல்லது 19 பாகையில் நொதிக்கட்டும். சுத்தத்தைப் பற்றிப் புத்தகங்கள் போதுமான அளவு பயமுறுத்துகின்றன, நான் வேறு சேர்க்கவேண்டாம். ஒன்றே ஒன்று: நகராட்சி நீரின் குளோரினை முதலிலேயே நீக்கிவிடுங்கள், இல்லையேல் பியரில் மருந்துக்கடை வாடை வரும்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்திருப்பது, மேலே சொன்ன முதல் 35 கிராம் மறைந்துபோனது. வெர்மான்டிலிருந்து பரவிய கலங்கலான வகை, கொதியில் இடும் ஹாப்பைக் குறைத்து, குளிர்ந்தபின் இடுவதைப் பல மடங்காக்கியது. விளைவு பழச்சாறு போன்ற மென்மை. முதல் மடக்கில் வசீகரம். ஆனால் மணத்துக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். பாகற்காயின் கசப்பை உப்புநீரில் முழுக்கப் பிழிந்தெடுத்துவிட்டுப் பொரித்தால் மிஞ்சுவது மொறுமொறுப்பு மட்டும்தான். காஸ்கேட் பேல் ஏலில் கசப்பும் மால்டின் ரொட்டிச் சுவையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் இரண்டாவது குவளை சாத்தியமாகிறது. இது என் ரசனை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கசப்பை நீக்குவது வாங்குவோர் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கான மிகப் பழைய வழி என்பதையும், எழுபதுகளின் லாகர்கள் அப்படித்தான் நீர்த்துப்போயின என்பதையும் மறக்கவேண்டியதில்லை.

இன்று ஆயிரக்கணக்கான ஆலைகள் இருக்கும்போது வீட்டில் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு லௌகீகமான பதிலும் உண்டு. ஹாப்பின் மணம் நாள்பட நாள்படச் சிதைகிறது. கிடங்கிலும் லாரியிலும் கடை அலமாரியிலும் பயணித்து வந்த புட்டியில் பாதி போயிருக்கும். ஆங்கர் ஆலையோ 2023இல் மூடப்பட்டது. வீட்டுத் தொட்டியில் நொதித்தல் அடங்கியதும் 45 கிராம் காஸ்கேடை உலர்ந்தபடியே இட்டு, நான்கு நாள் விட்டு, ஏறக்குறைய 115 கிராம் சர்க்கரையைக் காய்ச்சிக் கலந்து புட்டியில் அடைக்கலாம். இரண்டு வாரத்தில் வாயு பிடித்துவிடும். ஆறு வாரத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும், சேமித்துவைக்கும் சரக்கில்லை இது. வேர்த்தண்டு நடுவதாக இருந்தால் வசந்தத்தின் தொடக்கம் ஏற்றது. வெயில் நன்றாக விழும் சுவரோரம், கொடி ஏற ஐந்தாறு மீட்டர் கயிறு. முதலாண்டில் காய்ப்பு சொற்பமாகத்தான் இருக்கும்.