கூண்டில் நிற்கும் மின்விசிறி
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது மின்விசிறி! "அனலைத்தான் வாரி இறைக்கிறது" என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு? மாதத் தவணையில் ஓர் ஏர்கூலர். அதுவும் தோற்றால், கடன் வாங்கியாவது ஓர் ஏ.சி. இத்தீர்ப்பு சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

மின்விசிறி காற்றைக் குளிர்விக்கும் கருவியே அன்று. அது காற்றை அசைக்கிறது. வியர்வை விரைந்து ஆவியாகி உடலின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. அவ்வளவே. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரையோ இரவெல்லாம் அதை அறைக்குள் உமிழ்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நண்பகலில் இருந்தவர்க்கு விளக்கமே வேண்டியதில்லை. கூரையடியில் தேங்கிய அந்த அனலையே விசிறி கீழே தள்ளுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஏர்கூலருக்கும் மண்பானைக்கும் தத்துவம் ஒன்றே. நீர் ஆவியாக வேண்டுமானால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் சுமந்து வருகிறதே! போதாக்குறைக்குச் சன்னல்களை இறுக அடைத்துவிட்டுக் கூலரை ஓட்டுவோர் பலர். ஈரம் வெளியேற வழியின்றி அறை புழுங்குகிறது.

ஏ.சி. இதற்கு நேர்மாறு, அதற்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும். 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் காகிதத்தை ஈரம் கெடுக்காமல் காக்கவே வில்லிஸ் கேரியர் இதை வடிவமைத்தார். இன்றும் ஏ.சி. வெப்பத்தோடு ஈரத்தையும் நீக்குகிறது. அந்த நீர் வடியும் குழாய் அடைத்தால் சுவரில் நீர் வழியும். வடிகட்டியில் தூசி அடைத்தால் குளிர்சுருளில் பனி படியும். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று ஆண்டுதோறும் பணம் கேட்போரும் உண்டு. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் அந்த வாயு, பெட்ரோல் போல் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே!

ஏ.சி.யே கூடாது என்பதன்று என் வாதம். முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கடும் வெப்பம் உயிருக்கே ஆபத்து. ஆனால் கூரையைச் சுடவிட்டுக் கருவியை வாங்குவது, மாதாமாதம் மின்கட்டணம் செலுத்தி வெயிலோடு மல்லுக்கு நிற்பதாகும். மொட்டை மாடியில் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். கீற்றுப் பந்தல் நிழல் தரும். மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டினால் மாலை வெயில் உள்ளே வராது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இங்கே பலர். உள்ளுறை வெப்பம், வெப்பக் கதிர்வீச்சு ஆகியவற்றை நாம் தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நம் தெருவில் ஒரு தாய் கம்மலை அடகு வைத்துக் கூலர் வாங்கப் புறப்படும்போது, "முதலில் கூரையைப் பாருங்கள் அம்மா" என்று சொல்ல அந்தப் படிப்பு நமக்குத் துணிவு தர வேண்டும். நண்பர்களே, நம்மைப் படிக்க அனுப்பியவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் தவணை அதுவாக இருக்கட்டும்!