மார்க் ஏறி இறங்கியிருக்கு, ஆக்டிவிட்டி சூப்பர்: தம்பிக்கு அமெரிக்க காலேஜ் கிடைக்குமா?

வீட்டுல பிளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா, சம்பளம் வாங்குற உங்ககிட்டதான் இந்தக் கேள்வி வந்து நிக்கும். ஒன்பதாவதுல 92, பத்தாவதுல 78, பதினொண்ணுல திரும்ப 90. ஆனா ரோபோட்டிக்ஸ், செஸ், டிபேட்னு எல்லாம் இருக்கு. கூடவே ஒரு கன்சல்டன்ட் 'ப்ரொஃபைல் பில்டிங்'னு சில லட்சத்துக்கு கொட்டேஷன் அனுப்பியிருப்பார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் காசைக் கொடுக்காதீங்க.

நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங்ல கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை விட்டா மத்த திறமைக்கு அங்க இடமே இல்லை. அமெரிக்காவுல ஒன்பதாவதுலேர்ந்து நாலு வருஷ மார்க், கட்டுரை, ஆசிரியர் கடிதம், ஆக்டிவிட்டி எல்லாத்தையும் பார்ப்பாங்க. இதைக் கேட்டதும், மார்க் குறைஞ்சதை ஆக்டிவிட்டி ஈடுகட்டிடும்னு நினைச்சுக்கிறோம். பேலன்ஸ் ஷீட் மாதிரி ரெண்டு பக்கத்தையும் டேலி பண்ற விஷயம் இல்லைங்க இது. பெரும்பாலான காலேஜ்ல மார்க்கும், எடுத்த பாடம் எவ்வளவு கடினம்ங்கிறதும்தான் முதல் வடிகட்டி. அதுல தேறினவங்களுக்குள்ள ஆளைப் பிரிச்சுக் காட்டத்தான் ஆக்டிவிட்டி உதவும்.

அதுக்கும் இடம் கம்மி. காமன் ஆப் விண்ணப்பத்துல மொத்தம் 10 ஆக்டிவிட்டிதான் போட முடியும். ஒவ்வொண்ணையும் விவரிக்க 150 எழுத்து, இந்தப் பத்தியில ஒரு வரி அளவு. நாலு வருஷமா ஒரே செஸ் கிளப்பை நடத்தின பையனுக்கு அந்த ஒரு வரி போதும். பன்னிரண்டாவதுல அவசரமா வாங்கின சர்டிஃபிகேட்டுக்கு எத்தனை வரி இருந்தும் பிரயோஜனம் இல்லை. கன்சல்டன்ட் விக்கிறது பெரும்பாலும் ரெண்டாவது சரக்கைத்தான்.

மார்க் எந்தப் பக்கம் போச்சுங்கிறது ரொம்ப முக்கியம். 78 விழுந்து அப்புறம் 90 ஏறினா, அதுக்கு மதிப்பு உண்டு. உடம்பு சரியில்லை, அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர், போர்டு மாறினது மாதிரி நிஜமான காரணம் இருந்தா, விண்ணப்பத்துலயே கூடுதல் தகவலுக்குத் தனி இடம் இருக்கு. நாலு வரியில, புலம்பாம எழுதச் சொல்லுங்க. அதே 78 பதினொண்ணுல விழுந்திருந்தா எந்த கிளப்பும் காப்பாத்தாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அடங்கின கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ போடுறதே 10, 11 ரெண்டு வருஷத்தை வெச்சுத்தான். ஒன்பதாவதுல சொதப்பினவங்களுக்கு அது லாபம்.

எந்த காலேஜ் எதுக்கு எவ்வளவு வெயிட் கொடுக்குதுன்னு தெரிஞ்சுக்க பைசா செலவில்லை. காலேஜ் பேரோட 'காமன் டேட்டா செட்'னு சேர்த்துத் தேடுங்க. அதுல சி7ங்கிற பகுதியில மார்க், கட்டுரை, ஆக்டிவிட்டி ஒவ்வொண்ணும் 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'பரிசீலிக்கப்படும்', 'பரிசீலிக்கப்படாது'ன்னு காலேஜே குறிச்சிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தம்பியோட உக்காந்து பத்து காலேஜுக்குப் பார்த்துடலாம்.

இப்போ காசு. வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டா, பல காலேஜ்ல அதுவே அட்மிஷன் வாய்ப்பைக் குறைக்கும். அப்படிக் குறைக்காத ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி சில இடங்கள்ல சீட் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. அதனால கடைசியில பேச்சு லோன்ல வந்து நிக்கும். "நீ வேலையில இருக்கே, நீயே எடுப்பா, டாக்ஸ் மிச்சமாகும்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க. ஆகாது. 80இ பிரிவுல வட்டிக் கழிவு உங்க படிப்பு, வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவங்களுக்கு மட்டும்தான். கூடப்பிறந்தவங்க அந்தப் பட்டியல்லயே கிடையாது. போதாததுக்கு, புது வரிமுறையில இருந்தா யாருக்காக லோன் எடுத்தாலும் அந்தக் கழிவு இல்லை. வெறும் கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டாலும் அந்த லோன் உங்க சிபில்ல ஏறும், நாளைக்கு நீங்க வீட்டு லோன் கேக்கும்போது பேங்க் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும்.