குடையத்தான் வேண்டும்

பெற்றோர் குடைந்துகொண்டே இருந்தால் கல்வி மாவட்ட நிர்வாகம் நடக்காதாம். ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளியை நிபுணர்களிடம் விட்டுவிட வேண்டுமாம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் அப்படித்தான் விட்டார்கள். மாவட்டத்தின் கல்விக் கண்காணிப்பாளர் பெவர்லி ஹாலுக்கு 2009இல் தேசிய விருது; ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை உயர்த்திவிட்டார் என்று ஊர்ப் பெரும்புள்ளிகளின் கைதட்டல் வேறு. எண்களைச் சந்தேகித்தது உள்ளூர் நாளிதழ். 2011இல் மாநில விசாரணை அறிக்கை வந்தது: 44 பள்ளிகளில் முறைகேடு, சிக்கியவர்கள் 178 பேர். பிள்ளைகளின் தேர்வுத்தாளில் இருந்த தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தார்கள். ஹால் குற்றச்சாட்டை மறுத்தார். தன்மீதான வழக்கு விசாரணைக்கு வருமுன்பே இறந்தும் போனார். காகிதத்தில் தேறிவிட்டதால், வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய கூடுதல் பயிற்சியும் கைநழுவியது. தொந்தரவில்லாத நிர்வாகத்தின் லட்சணம் இது. பெற்றோர்களே, அடுத்த கல்வி வாரியக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள்.